மானுக்கு முன்னால் இரண்டு சம்பந்திகள்

மான் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீங்கள் சுடுங்கோ, சம்பந்தியார்."

"ஐயோ, அதெப்படி. நீங்கதான் பெரியவங்க. நீங்க சுடுங்க."

"இல்லையில்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது நான். நீங்கள்தான் முதல்."

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து மலைக்காடு. குளிர்காலத்துக் காலை. புல்லின் மேல் பனி உறைந்து கிடந்தது, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். எங்களுக்கும் மானுக்கும் நடுவே ஓர் ஓடை இரைந்துகொண்டு ஓடியதால் எங்கள் கிசுகிசுப்பு அதன் காதுக்கு எட்டவில்லை. காற்றும் அதனிடமிருந்து எங்கள் பக்கம் வீசியது. வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறுகிற வாய்ப்பு. அதை நாங்கள் கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு முன்னால் நிற்கிறவர்களைப் போல மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் இந்தப் பத்தியில், மெல்பர்னில் டார்னெய்ட் பகுதியில் உள்ள என் வீட்டின் பின்பக்கத்தில் முருங்கை வளர்க்க நான் பட்ட பாட்டை எழுதியிருந்தேன். "உங்களுக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல்தானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆமாம் அம்மா, எரிச்சல்தான். இதையும் படித்துவிட்டு, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

பெண்ணைக் கொடுத்தவன்

சம்பந்தி என்றால் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பர்னின் இன்னொரு பகுதியான கிரெய்கிபர்னில் மகன் கஜனோடு இருக்கிறார். அந்தக் கஜன்தான் என் மகள் நித்யாவைக் கட்டியவன். சம்பந்தியின் மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. மனிதர் தங்கமானவர். சத்தமாகப் பேச மாட்டார், யாரையும் குறை சொல்ல மாட்டார். அதுதான் தொல்லையே. சண்டை போடுகிற சம்பந்தியோடு காலம் தள்ளிவிடலாம், திருப்பிச் சண்டை போட்டால் தீர்ந்தது. மரியாதையான சம்பந்தியை என்ன செய்வது?

நான் திருச்சிக்காரன். ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கில் எந்த லாரி எந்த வாசலுக்கு வரவேண்டும் என்று சொல்லுகிற வேலை. பகலெல்லாம் டிரைவர்களோடு கத்திவிட்டு வருகிறவன். சம்பந்தி வீட்டுப் படியேறினால் மட்டும் என் தொண்டை தானாக அடங்கிவிடும். பெண்ணைக் கொடுத்த வீடு. மெல்பர்னுக்கு வந்து இத்தனை வருடம் கழித்துமா இதெல்லாம் என்று என் மகள் சிரிப்பாள். அவளுக்கென்ன, சிரிப்பாள்.

கல்யாணம் முடிந்து முதல் தடவை விருந்துக்குப் போனபோது, சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் எங்களைக் கராஜுக்கு அழைத்துப் போனார். ஓர் இரும்பு அலமாரி. சாவி போட்டுத் திறந்தார். என் மனைவி கற்பகம் என் முழங்கையைக் கிள்ளினாள். மருமகளுக்குக் கொடுக்க நகை ஏதோ வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

உள்ளே இருந்து வந்தது ஒரு துப்பாக்கி. எங்கள் இருவர் வயதையும் கூட்டினால்கூட அதன் வயது வராது. நீளக் குழல், வால்நட் மரக் கட்டை, விசைக்கு அடியில் வளையம்போல ஓர் இரும்புப் பிடி. அந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய தோட்டா வெளியே துள்ளும், புதியது உள்ளே ஏறும். லீவர் துவக்கு என்றார். அவர்கள் ஊர்ப்பக்கம் துப்பாக்கியைத் துவக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

"ஒருநாள் வாங்கோவன் சம்பந்தியார், மலைக்குப் போவம். மரை வேட்டை."

பெண்ணைக் கொடுத்தவன் என்ன சொல்வான்? "கண்டிப்பா" என்று சொன்னேன்.

அந்த ஒரு சொல்லுக்காகப் போலீஸ் நடத்துகிற பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். பரீட்சை எழுதினேன். லைசென்சுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். மான் வேட்டைக்குத் தனியாக இன்னொரு லைசென்ஸ், அதையும் எடுத்தேன். கற்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எலியைப் பார்த்தா கட்டில் மேல ஏறுற ஆளு. உங்களுக்கு எதுக்குங்க துப்பாக்கி?"

"சம்பந்தி கூப்பிட்டார்டி."

"அவர் கிணத்துல குதிக்கக் கூப்பிட்டா?"

அதற்கும் கண்டிப்பா என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

தீபாவளி மறுநாள் வாசனை

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பழைய துப்பாக்கிக்குச் சம்பந்தி புதுத் தோட்டா போட மாட்டார். கடையில் நல்ல தோட்டா கிடைக்கிறது. புகையே வராது, சுட்ட பிறகு கழுவவும் வேண்டாம். அதெல்லாம் ஆகாது. அது பிறந்த காலத்தில் எந்த மருந்தோ அந்த மருந்துதான். கருமருந்து.

கராஜில் உட்கார்ந்து அவரே தோட்டா கட்டுவார். அதற்கும் முறையாக லைசென்ஸ் வைத்திருக்கிறார். பித்தளைக் குப்பியில் மருந்தை ஊற்றுவார். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்து உருக்கி ஈயக் குண்டுக்குப் பூசுவார். அந்த வாசனை என் பேத்தி இனியாவின் சட்டை வரைக்கும் ஏறியிருக்கும். சுட்டால் டமார் என்று காடே அதிரும். பிறகு ஒரு வெள்ளைப் புகை எழும்பும் பாருங்கள், தெருவில் ஆயிரம் வாலா கொளுத்தி முடித்த மாதிரி. காற்றில்லாத நாளென்றால் எதிரே இருக்கிற யானைகூடத் தெரியாது. மூக்கில் தீபாவளி மறுநாள் வாசனை. அழுகின முட்டை நாற்றமும் கொஞ்சம்.

"உதுதான் சம்பந்தியார் வேட்டை. ஒரு குண்டு, ஒரு சந்தர்ப்பம். மிருகத்துக்கும் ஒரு நியாயம் வேணும்."

நியாயம் மிருகத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. நான் போகத் தொடங்கிய பிறகு ஒரு மான்கூட விழவில்லை. ஒவ்வொரு முறையும் சம்பந்தி சுடுவார், புகை கிளம்பும், அது கலைந்ததும் எதிரே வெறும் காடு நிற்கும்.

"பட்டதோ?" என்பார் என்னிடம்.

"தெரியலையே சம்பந்தி."

"ஓம். புகையில தெரியேல்லை."

கஜனே ஒருநாள் கேட்டான், அந்தத் துப்பாக்கியில் ஒரு தொலைநோக்கி பொருத்தினால் என்ன என்று. சம்பந்தி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். பழைய துவக்குக்குக் கண்ணாடி பூட்டுவது மரியாதை இல்லையாம். "தட்ஸ் ஜஸ்ட் அப்பா, மாமா" என்று கஜன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே ஜஸ்ட் அப்பாதான்.

மானின் பெயரிலும் எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. நான் கடமான் என்பேன். அவர் மரை என்பார். வெள்ளைக்காரர்கள் எப்போதோ கப்பலில் கொண்டுவந்து இந்த மலையில் விட்ட மிருகம் இது. இந்தியாவிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்வேன். சிலோனிலிருந்தும் வந்தது என்று அவர் சொல்வார். கடைசியில் "ரெண்டு இடத்திலிருந்தும்தான்" என்று இருவரும் விட்டுக்கொடுத்துவிடுவோம். எங்களால் ஒரு மானைப் பற்றிக்கூட உருப்படியாகச் சண்டை போட முடியாது.

சிவப்பும் நீலமும்

அன்று காலை கிரெய்கிபர்னிலிருந்து அவருடைய யூட் வண்டியில் கிளம்பினோம், இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த சுமைத்தட்டும் உள்ள வண்டி. அவர்தான் ஓட்டினார். அவர் வண்டியை அவர்தான் ஓட்டுவார்.

வளைவு வந்த பிறகுதான் வளைவைக் கண்டுபிடிப்பார். முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மூக்கை இடிக்கிற தூரத்தில் வரும்போது பிரேக் போடுவார். நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை என் காலால் மிதித்துக்கொண்டே போனேன்.

"உந்தப் பலகையெல்லாம் இப்ப சின்ன எழுத்தில எழுதுறாங்கள், சம்பந்தியார்."

வாசித்துக்காட்டினேன். மேன்ஸ்ஃபீல்டுக்கு வழி என்று சுவரளவுக்கு எழுதியிருந்தது.

வேகத்தில் பிரியம் உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் மெதுவா போலாமே என்று நுனிநாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஓட்டுகிற ஆளிடம் அப்படிச் சொன்னால் அவமதிப்பு. சம்பந்தியிடம் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தித் தேநீர் ஊற்றினார். அவரிடம் இரண்டு ஃபிளாஸ்க் உண்டு. சிவப்பில் தேநீர். நீலத்தில் சோப்புக் கரைத்த வெந்நீர். அது துப்பாக்கிக்கு. கருமருந்து சுட்ட குழலை அன்றைக்கே கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும், அதனால் காட்டுக்குள்ளேயே சுடச்சுடக் கழுவிவிடுவார்.

கோப்பையில் ஊற்றி நீட்டினார். ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்தேன்.

எலுமிச்சை மணம் போட்ட பாத்திரம் கழுவுகிற சோப்பு.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பிடி? தேத்தண்ணி சூடாய்க் கிடக்கே?"

துப்பியிருக்கலாம். எந்த மனிதனும் துப்பியிருப்பான். நான் "நல்லா இருக்கு சம்பந்தி" என்று சொல்லி, பாதிக் கோப்பையை உள்ளே தள்ளினேன். மீதியை அவர் குனிந்து பூட்ஸ் கட்டுகிற நேரத்தில் ஒரு மரத்தடியில் ஊற்றினேன். தவறி ஊற்றிவிட்டார், தெரிந்தால் மனுஷன் கூனிக் குறுகிப் போவார், எதற்கு வம்பு என்று நினைத்தேன். மலையேறும்போது ஏப்பம் விட்டால் எலுமிச்சை வாசனை வந்தது.

ஒரு துப்பாக்கி, இரண்டு பேர்

இப்போது அந்த மானிடம் வருகிறேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், பெரணிச் செடிகளுக்கு நடுவே, நெஞ்சளவு தெரிய நின்றது. ஆண் மான். ஈரத்தில் நனைந்த பனைமட்டை நிறம். காதை ஆட்டியது. இரண்டடி நடந்து இன்னொரு செடியைக் கடித்தது.

எங்களிடம் ஒரே துப்பாக்கி. அது என் தோளில் இருந்தது, ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறதே என்று நான் வாங்கிச் சுமந்து வந்திருந்தேன். அதில் ஒரே தோட்டா. பல தோட்டா ஏற்றலாம், ஆனால் ஒரு குண்டு ஒரு சந்தர்ப்பம் என்பது அவர் சட்டம்.

"சுடுங்கோ, சம்பந்தியார்."

"உங்க துப்பாக்கி. உங்க மருந்து. நீங்கதான் சுடணும்."

"நான் எத்தினை தரம் சுட்டிட்டன். நீங்கள் ஒருக்காலும் சுடேல்லை."

நான் நீட்டினேன். அப்படியே கொடுக்கவும் கூடாது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது லீவரைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, காலி என்று காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. லீவரைத் தள்ளினேன். தோட்டா துள்ளிப்போய் இலைச்சருகில் விழுந்தது. பளபளவென்று பித்தளை, அவர் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே.

சம்பந்தி குனிந்து தேடினார். கண்ணால் தேடவில்லை. இரண்டு கையாலும் சருகைத் தடவிக்கொண்டே போனார், தலையணைக்கு அடியில் எதையோ துழாவுகிற மாதிரி. அவர் கை அதைத் தாண்டிப் போனது. நானே எடுத்துக் கொடுத்தேன். குளிரில் விரல் மரத்துவிட்டது போலும் என்று நினைத்தேன். நினைப்பதற்கா எனக்குப் பஞ்சம்.

அவர் தோட்டாவைப் போட்டார். ஒரு நிமிடம் யோசித்தார். மறுபடி லீவரைத் திறந்து, தோட்டாவை எடுத்து, துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

"இல்லை. நீங்கள்தான்."

எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. மான் இன்னமும் நின்றது. அதற்கும் வேறு வேலை இல்லை.

"சம்பந்தி, தயவுசெஞ்சு. நீங்க சுடலைன்னா நான் இப்படியே திரும்பி நடந்துடுவேன்."

அவர் நீட்டிய துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தோட்டாவை ஏற்றி, துப்பாக்கியைத் தோளில் அண்டக் கொடுத்து, ஒரு மரத்தின் கிளையில் குழலைச் சாய்த்துக் குறிபார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, குழல் நீண்ட திசையில் பார்த்தேன்.

மான் அங்கே இல்லை. மான் வலப்பக்கம் தள்ளி நின்றது. குழலுக்கு நேரே இருந்தது எப்போதோ காட்டுத்தீயில் கருகிப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டை.

"வடிவா நிக்குது" என்றார் மெதுவாக. "அசையாமல் நிக்குது."

மான் அந்த நொடியில் நடந்துகொண்டிருந்தது.

சம்பந்தியின் தோளைத் தொடலாமா, தொட்டால் என்ன நினைப்பார் என்று, அந்த நேரத்திலும், சத்தியமாக அந்த நேரத்திலும் யோசித்தேன். அதற்குள் டமார்.

புகை. வெள்ளையாக, கனமாக, முகத்தில் வந்து அப்பியது. அதற்கு அந்தப் பக்கம் ஹார்ன் அடித்த மாதிரி மான் ஒரு குரல் கொடுத்தது. கிளைகள் முறிந்தன. அப்புறம் ஓடைச் சத்தம் மட்டும்.

"பட்டதோ?"

கட்டை

ஓடையைத் தாண்டிப் போனோம். அவர் நேரே அந்தக் கட்டையை நோக்கித்தான் நடந்தார். அதிலும் எனக்குச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. கட்டைக்குக் கைக்கெட்டும் தூரம் வந்த பிறகுதான் நின்றார். குனிந்தார். கையை நீட்டித் தொட்டார். கரி விரலில் ஒட்டியது.

கட்டையின் நட்டநடுவில் ஒரு துளை, கட்டைவிரல் போகிற அளவுக்கு. அவர் விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார்.

"சுட்டது பிழையில்லை" என்றார்.

என் வாய் அதற்கப்புறம் என் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை வருடம் அந்த வீட்டுப் படியில் அடக்கி வைத்த தொண்டை மொத்தமாகத் திறந்துகொண்டது.

"சம்பந்தி, உங்களுக்குக் கண்ணு தெரியலை. அந்த இடத்துல மரக்கட்டைக்குப் பதிலா ஒரு மனுஷன் குனிஞ்சு உட்கார்ந்திருந்தா? ரோட்டுல லாரி தெரியலை, பலகை தெரியலை. காலையில எனக்கு சோப்புத் தண்ணி ஊத்திக் கொடுத்தீங்க."

அவர் நிமிர்ந்தார். "சோப்புத் தண்ணியோ?"

"ஆமா. நீல ஃபிளாஸ்க்."

"எனக்கு ரெண்டும் ஒரு நிறமாத்தான் கிடந்தது." என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீங்கள் ஏன் குடிச்சனீங்கள்?"

"நீங்க கொடுத்தீங்களே."

அவர் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"போன வருஷம் கண்ணாடிக் கடையில சொன்னவை" என்றார். "ரெண்டு கண்ணிலையும் புரையாம். பெரிய டொக்டரிட்டப் போகச் சொன்னவை. போகேல்லை. வெடி வைச்ச பிறகு புகை நிக்கும்தானே, சம்பந்தியார். எனக்கு வைக்க முன்னமும் அப்பிடித்தான் கிடக்கு."

"புரைதானே. இப்பெல்லாம் காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. அதைப் போய் ஏன் மறைக்கணும்?"

"டொக்டர் கார் ஓடவேண்டாம் எண்டு சொல்லுவார். பேந்து இனியாவை ஆர் கிண்டருக்குக் கொண்டுபோறது?"

எனக்குச் சுருக்கென்றது. இனியாவைக் காலையில் கிண்டர் என்கிற மழலையர் பள்ளியில் விடுவது சம்பந்திதான். நித்யாவும் கஜனும் விடிவதற்குள் வேலைக்கு ஓடிவிடுகிறவர்கள். நான்கு வயதுகூட நிரம்பாத என் பேத்தி, பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, தாத்தா ஓட்டுகிற வண்டியில், கிரெய்கிபர்னின் பள்ளிக்கூட நேர நெரிசலில். காலையில் நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு வந்த அதே வண்டி. அவளுக்குப் பிடிக்கத் தெரியாது.

"அந்த வீட்டில எனக்கு இருக்கிற ஒரே அலுவல் அதுதான்" என்றார். "அவள் வழியெல்லாம் கதைச்சுக்கொண்டு வருவாள். அது போனால் நான் கதிரையில இருந்து ரீவி பாக்கிற ஆள். கஜனிட்டச் சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

மூத்தவர். மாப்பிள்ளையைப் பெற்றவர். இரண்டு கையையும் சேர்த்துவிட்டார். கையெல்லாம் கரி.

"சொல்லத்தான் போறேன்" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் அடுத்ததையும் சொன்னேன்.

"நான் வர்றேன். காலையில டார்னெய்ட்லேர்ந்து நான் வர்றேன். வேலையில மதிய ஷிப்டு கேட்டு வாங்கிக்கிறேன். நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி பாப்பாவோட உட்கார்ந்துக்குங்க. ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும். இதுக்கு மேல 'நீங்க, நீங்க'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

ரிங் ரோட்டில் காலை நேரத்தில் டார்னெய்ட்டிலிருந்து கிரெய்கிபர்னுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் என்ன சொல்லி மாட்டிக்கொண்டேன் என்று. கற்பகம் என்னை என்ன கேட்பாள் என்றும் அங்கேயே காதில் விழுந்தது.

சம்பந்தி கட்டையில் கையை ஊன்றினார். பிறகு எழுந்தார்.

"துவக்கைக் கழுவவேணும். விட்டால் துரு பிடிச்சிடும்."

சாவி

வண்டிக்குத் திரும்பி, இரண்டு ஃபிளாஸ்க்கையும் நான் முகர்ந்து பார்த்துவிட்டு நீலத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு கார் சாவியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

நான் கையை நீட்டினேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் "பரவாயில்லை, நீங்களே ஓட்டுங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவரும் "இல்லையில்லை, நான்" என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சாவி என் கைக்கு வந்தது.

"கிளச் கொஞ்சம் இறுக்கம்" என்றார்.

இறுக்கமா? கியர் வண்டி ஓட்டி எனக்கு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மலைப்பாதையில் மூன்று நான்கு இடத்தில் வண்டி துள்ளி நின்றது. ஒவ்வொரு தடவையும் சம்பந்தி வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தார். "மெல்ல, மெல்ல. ரெண்டாவது கியர். ஐயோ, ரெண்டாவது." கண் தெரியாதவர் எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். எரிச்சலில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

தார் ரோடு வந்ததும் போனுக்கு சிக்னல் கிடைத்தது. நித்யா கூப்பிட்டாள். வண்டியின் ஸ்பீக்கரில் அவள் குரல்.

"அப்பா, மான் கிடைச்சுதா?"

நான் வாயைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சம்பந்தி என் கையை லேசாகத் தட்டினார்.

"பிள்ளை, நான் மாமா கதைக்கிறன். மான் இல்லை, மரக்கட்டையைச் சுட்டிட்டன்."

"என்ன மாமா? ஆர் யூ ஓகே?"

"ஓம், ஓம். உங்கட அப்பாதான் கார் ஓடுறார். எனக்கு ஒரு கண் டொக்டரிட்ட நாள் எடுத்துத் தாங்கோ அம்மா. இந்தக் கிழமையே எடுங்கோ. மிச்சத்தை வந்து சொல்லுறன். கஜனுக்கும் நானே சொல்லுறன்."

போன் அணைந்தது. ஈரப் புல்வெளிகளும் மாடுகளும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்கு அந்த வேலை வராது.

யே என்கிற சிற்றூரைத் தாண்டின பிறகு அவராகவே பேசினார்.

"சம்பந்தியார்."

"சொல்லுங்க."

"மரை எப்பிடி இருந்தது?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நல்ல உயரம் என்றேன். நனைந்த பனைமட்டை நிறம் என்றேன். கழுத்தில் மயிர் அடர்த்தியாக இருந்தது, காதை ஆட்டி ஆட்டிச் செடியைத் தின்றது என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

"கொம்பு?"

"இருந்துச்சு. எங்க பக்கம் மூணு கிளை. நல்லாத் தடிமனா."

"மற்றப் பக்கம்?"

யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை. மான் தலையைத் திருப்பியபோது, நான், சருகில் தோட்டாவைத் தேடித் தடவிய அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பக்கம் நான் பார்க்கலை சம்பந்தி. உங்களைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வேட்டைக்கு வந்தால் மானைப் பாக்கவேணும், சம்பந்தியார்" என்றார்.